மயக்கம் தெளிந்த பின்னர்

சத்திரசிகிச்சை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே மனத்தில் எழுவன கத்தியும் குருதியுமாகும். ஆயின், சிகிச்சைக்கு உட்படுபவரைப் பொறுத்தவரை அவருக்கும் கத்திக்கும் எவ்வித அறிமுகமும் ஏற்படுவதில்லை. மயக்கமருந்து நாளத்துள் இறங்கியதும் உலகம் அணைந்துவிடுகின்றது. அடுத்த கணம் வேறோர் அறையில் யாரோ பெயர் சொல்லி அழைக்கின்றனர். இடையிற் கழிந்த இரண்டு மணித்தியாலமும் அவருடைய நினைவிற் பதிவதில்லை. ஆகவே நோயாளர் தம்முடைய சிகிச்சையை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் சத்திரசிகிச்சைக்கூடமன்று. மயக்கம் தெளியும் கட்டிலேயாகும்.

பிற சத்திரசிகிச்சைகள் பலவற்றில் இவ்விழிப்பு ஒரு முடிவின் அடையாளமாக அமைகின்றது. குடல்வால் அகற்றப்பட்டவர் கண்விழிக்கும்போது நோய் அவரைவிட்டு நீங்கியிருக்கும். கண்புரை நீக்கப்பட்டவர் கட்டவிழ்த்ததும் உலகைத் தெளிவுறக் காண்பார். உடலெடையைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையோ இதற்கு மாறானது. கண்விழிக்கும் வேளையில் எடை குறைந்திருப்பதில்லை. நாளத்தினூடாக ஏற்றப்பட்ட திரவத்தினால் ஓரிரு கிலோகிராம் கூடியிருத்தலும் உண்டு. மாறியிருப்பன ஓர் உறுப்பின் அளவும், அது மூளைக்கு அனுப்பும் செய்தியுமே. எஞ்சிய சிகிச்சை முழுவதையும் விழித்தெழுந்தவரும் அவரைச் சூழ்ந்திருப்போருமே செய்துமுடிக்க வேண்டியுள்ளது. இவ்வுண்மை உணரப்படாமையினாலேயே இச்சிகிச்சை பற்றி இருவகைப் பிழையான எண்ணங்கள் நிலவுகின்றன. ஒன்று, இது சோம்பேறிகளின் குறுக்குவழி என்பது. மற்றையது, இது ஒரே நாளில் உடலை மாற்றிவிடும் மாயவித்தை என்பது.

சத்திரசிகிச்சையின்போது துயின்று, பின் விழித்தல் என்னும் அநுபவம் மனிதகுலத்துக்கு வாய்த்து நீண்டகாலம் ஆகவில்லை. 1804 இல் யப்பானில் ஹனஓக்கா செய்ஷூ என்னும் வைத்தியர் மூலிகை மயக்கமருந்தின் துணையுடன் மார்புப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். எனினும் அக்காலத்தில் அவ்வறிவு யப்பானுக்கு வெளியே பரவவில்லை. 1846 ஒக்ரோபர் 16 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியை முகரச்செய்ய, ஜோன் கொலின்ஸ் வொரன் ஒருவருடைய கழுத்திலிருந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அன்று தொட்டே வலியின்றித் துயின்று விழித்தல் உலகப்பொதுவாயிற்று.

எடைகுறைப்புக்கான சத்திரசிகிச்சையின் வரலாறு இதனிலும் குறுகியது. 1954 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு எட்டாவண்ணம் ஒதுக்கிவைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கற்களும், ஈரற் கேடும் தொடர்ந்தன. காலப்போக்கில் அம்முறை கைவிடப்பட்டது. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தோர் மீண்டும் எடை கூடுவதற்கு இடர்ப்படுவதை அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேட் மேசன் அவதானித்தார். அவ்வவதானத்தின் பயனாக, 1966 இல் அவரும் இத்தோ என்பவரும் இரைப்பையைச் சிறுபையாக்கிக் குடலுடன் இணைக்கும் முறையைத் தொடக்கினர். 1994 இல் விற்குரோவ், கிளார்க் ஆகியோர் அதனையே சிறு துளைகளினூடாகச் செய்யும் லப்பிரஸ்கோப்பி முறையில் நிகழ்த்திய செய்தி வெளியாயிற்று. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையின் ஏறத்தாழ முக்காற் பங்கினை நெடுக்காக வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாயாக விட்டுவிடும் முறையாகும். மேசனின் முதல் நோயாளர்கள் வயிற்றில் நீண்டதொரு வெட்டுடன் விழித்தனர். இன்றையவர் நான்கைந்து சிறு துளைகளுடன் விழிக்கின்றார். ஆயின் துளை சிறிதாயிற்று என்பதனால் விழிப்பும் இலகுவாயிற்று எனக் கருதுதல் தவறாகும்.

2023 இல் கொழும்பு நகரின் வைத்தியசாலையொன்றில் அவ்வாறு விழித்தெழுந்த ஆசிரியை ஒருவரின் அநுபவம் இதனைத் தெளிவுபடுத்தும். வடமராட்சியிற் பிறந்து, மணமுடித்து, வெள்ளவத்தையில் வாழ்பவர் அவர். வயது நாற்பத்து மூன்று. உயரம் 157 சென்ரிமீற்றர். எடை 112 கிலோகிராம். எடையை உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டி அவருக்கு 45 ஆக இருந்தது. அச்சுட்டி 35 இனை எட்டுவோருக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்பது 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல். ஆசிய மக்களுக்கு இதனிலும் குறைந்த எல்லைகளே அதிற் குறிக்கப்பட்டுள்ளன. நீரிழிவு, முழங்கால் வலி, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் என்பனவும் அவருக்கு இருந்தன. பத்தாண்டுகளில் அவர் கைக்கொள்ளாத உணவுக்கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு தடவையும் பத்துக் கிலோகிராம் குறையும். ஓராண்டில் பன்னிரண்டு கூடும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் நாட்டின் வைத்தியசாலைகள் பலவற்றில் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டபோது அவருடையதும் பிற்போடப்பட்டது. இறுதியில் நாள் குறிக்கப்பட்டதும், கொழுப்பேறி வீங்கிய ஈரலைச் சுருக்கும்பொருட்டு இரு வாரங்கள் குறைந்த கலோரித் திரவ உணவில் இருந்தார். கணவருக்கும் மகளுக்கும் மட்டுமே உண்மை தெரியும். உற்றார் உறவினருக்கெல்லாம் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேசன் என்றே சொல்லப்பட்டிருந்தது.

அவர் முதலில் உணர்ந்தது குளிரையாகும். சத்திரசிகிச்சைக்கூடத்தின் குளிரும், உடலின் வெப்பச் சீராக்கத்தை மயக்கமருந்து குழப்பிவிடுதலும் சேர்ந்து, விழிப்போரைப் பற்கள் அடிக்க நடுங்கச் செய்வதுண்டு. இரண்டாவதாக உணர்ந்தது தொண்டையின் எரிவு. மூச்சுக்குழாயில் வைத்திருந்த குழாய் விட்டுச்சென்ற அடையாளம் அது. மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. “அக்கா, ஹுஸ்ம கன்ன” என்றது அக்குரல். மூச்சை இழுங்கள் என்பது அதன் பொருள். இருபது ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்து சிங்களத்தை நன்கு பேசுபவராயினும், அக்கணத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொல் “தண்ணி” என்பதே. தாதிக்கு அச்சொல் விளங்கியது. “தண்ணி இப்ப இல்ல அக்கா, கொஞ்சம் பொறுங்க” என்று தமிழிலேயே மறுமொழி கூறி, ஈரப் பஞ்சினால் உதட்டை ஒற்றிவிட்டார்.

தட்டையாகப் படுத்திருப்போம் என்று எண்ணியிருந்தவருக்குத் தலைப்புறம் உயர்த்திய கட்டிலில், பாதி அமர்ந்த நிலையில் விழித்தமை வியப்பளித்தது. பருத்த உடலினர் தட்டையாகக் கிடப்பின் வயிற்றின் பாரம் நுரையீரலை அழுத்தும். மூச்சுத் தடைப்படும் நோயுள்ளோருக்கு இது மேலும் ஆபத்தானது. வலிநீக்கி மருந்துகளுட் சில மூச்சின் வேகத்தைக் குறைப்பனவாதலால், வலி முழுவதும் நீங்கும்வரை அவற்றை ஏற்றுவதும் இயலாது. முகத்தில் ஒட்சிசன் மூடி. விரல்நுனியில் ஒட்சிசனை அளக்கும் பற்றி. மேற்கையிற் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாக இறுகித் தளரும் குருதியமுக்கப் பட்டி. கால்களிலும் ஏதோ இறுகித் தளர்ந்தது. அசையாதிருக்கும் கால்களின் நாளங்களிற் குருதி உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலைச் சென்று அடைத்துவிடாமற் காக்கும் காற்றுறைகள் அவை.

வயிற்றில் வலி இருக்கும் என்பதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது தோள்வலி. “வயிற்றிலே வெட்டிப்போட்டுத் தோள் ஏன் நோகுது?” என்று அவர் கேட்டதில் நியாயமுண்டு. லப்பிரஸ்கோப்பி முறையிற் கருவிகள் இயங்குவதற்கு இடம் வேண்டி, வயிற்றறையைக் காபனீரொட்சைட்டு வாயுவினால் உப்பச் செய்வர். பிரிமென்றகட்டுக்கு இதனால் ஏற்படும் உறுத்தலை எடுத்துச்செல்லும் நரம்பும் தோளின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் கழுத்தின் ஒரே மட்டத்திலே முண்ணாணை அடைகின்றன. மூளை அவ்விரண்டையும் வேறுபிரித்தறியாது, நோவது தோளே எனக் கொள்கின்றது. ஓரிரு நாளில் வாயு உடலால் அகத்துறிஞ்சப்பட, வலியும் அடங்கும். இதனை முன்கூட்டியே ஒருவர் ஐந்து நிமிடம் எடுத்து விளக்கியிருப்பாராயின், மாரடைப்போ என அஞ்சி அவர் கழித்த அந்த அரைமணி நேரம் இல்லாதிருந்திருக்கும். விழித்த பின்னர் நேரக்கூடியன எவை என்பதை விழிக்குமுன்னரே அறிந்திருத்தலும் ஒருவகை வலிநீக்கியே.

குமட்டல் அன்று மாலை வந்தது. பெண்களிடத்தும், குறிப்பாக இரைப்பையைக் குழாயாக்கும் இச்சிகிச்சையின் பின்னரும் அது மிகுதியாகக் காணப்படுவதாகும். அதற்கும் நாளத்தினூடாக மருந்து ஏற்றப்பட்டது. குமட்டல் தணிந்ததும் தாதி செய்த காரியம் கொடுமையாகவே அவருக்குத் தோன்றியது. விழித்து ஐந்து மணித்தியாலமும் ஆகாத நிலையில் அவரை எழுப்பி நடக்கச் சொன்னார். ஒரு கையில் சேலைன் தொங்கும் கம்பம், மறு கையில் மகளின் தோள். கட்டிலிலிருந்து விடுதியின் வாயில்வரை இருபது அடி. அவ்விருபது அடியில் இருமுறை நின்றார். குருதி உறைதலைத் தடுப்பதற்கும், சுருங்கிய நுரையீரல் விரிவதற்கும், அடைபட்ட வாயு அசைவதற்கும் நடையைவிடச் சிறந்த மருந்தில்லை என்பது வைத்தியர்களின் முடிவு. பெரிய சத்திரசிகிச்சை செய்தவர் அசையாது கிடக்கவேண்டும் என்று எண்ணும் நம்மவர் வழக்கத்துக்கு இது நேரெதிரானது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் தாயார், “ஐயோ, இந்தப் பிள்ளையை ஏன் வதைக்கிறாங்கள்?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

இரவு முழுவதும் தாதியர் வந்து நாடித்துடிப்பைப் பார்த்தனர். அது வெறுஞ் சடங்கன்று. வெட்டி இணைத்த இடத்திற் கசிவு ஏற்படுமாயின், வயிறு வலிக்குமுன்னரே நாடி விரைந்து அதனை அறிவித்துவிடலாம். கசிவும் குருதிப்பெருக்கும் அரிதாகவே நேர்வன; எனினும் நேரின் உயிராபத்தானவை. விடாது விரையும் நாடி, காய்ச்சல், மூச்சுத் திணறல், தணியாத வயிற்றுவலி என்பன வீடு சென்ற பின்னரும் அசட்டை செய்யத்தகாத அறிகுறிகளாகும்.

மறுநாட் காலை முப்பது மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு குவளையில் நீர் வழங்கப்பட்டது. அதனை ஒரே மடக்கில் அல்லாது, பதினைந்து நிமிடத்தில் உறிஞ்சிக் குடிக்கவேண்டும். முந்திய நாட்காலைவரை ஒரு போத்தல் நீரை அண்ணாந்து குடித்தவர் அவர். மூன்றாம் மிடற்றில் நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்துவிட்டாற்போன்ற அழுத்தம் தோன்ற, குவளையைக் கீழே வைத்தார். அன்றுதான் அவருக்குத் தம் உடலில் நேர்ந்திருப்பது இன்னதென விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது: அவருக்குப் பசிக்கவில்லை. 1999 இல் கொஜிமா, கங்கவா என்னும் யப்பானிய விஞ்ஞானிகள் அறிவித்த கிறெலின் என்னும் ஓமோன் பசியைத் தூண்டுவது. இரைப்பையின் மேற்பகுதியிலே பெருமளவு சுரப்பது. இச்சிகிச்சையில் வெட்டி அகற்றப்படுவது அப்பகுதியேயாகும். பல்லாண்டுகளாகத் தம்மை வென்றுவந்த பசியை மனவுறுதியின்மை என்று பிறர் இகழ்ந்ததையும், தாமும் அவ்வாறே நம்பியதையும் எண்ணி அவர் கண்கலங்கினார். அதிற் பெரும்பங்கு ஒரு சுரப்பின் தொழிலாக இருந்திருக்கின்றது என்பதை நாற்பத்து மூன்றாம் வயதில் அறியநேர்ந்தமை ஆறுதலா துயரமா என்பதை அவரால் பிரித்துணர முடியவில்லை.

மூன்றாம் நாள் வீடு திரும்பினார். கையிற் கொடுக்கப்பட்ட தாளில் உணவுமுறை எழுதப்பட்டிருந்தது: முதலிரு வாரங்கள் வடித்த திரவங்களும் புரதப் பானங்களும், பின்னர் மசித்தவை, பின்னர் மென்மையானவை, ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின்னரே வழமையான உணவு, அதுவும் சிறிய அளவில். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. விற்றமின் பீ12, இரும்புச்சத்து, கல்சியம் முதலியவற்றைக் குளிசைகளாக வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இவையனைத்தும் எழுத்தில் இலகுவானவை. எழுதப்படாத இடர் ஒன்று வீட்டு வாசலில் காத்திருந்தது. அது விருந்தினர்.

நோயுற்றோரைப் பார்க்க வருபவர் வெறுங்கையுடன் வருதல் நம்மவர் மரபன்று. நெஸ்டமோல்ட் பெட்டிகளும், திராட்சைப் பழங்களும், தூக்குச்சட்டிகளில் ஆட்டெலும்பு ரசமும் வந்தவண்ணம் இருந்தன. பித்தப்பை ஒப்பரேசன் என்றே நம்பியிருந்தோர், எண்ணெய் குறைத்துச் சமைத்தால் எதுவும் உண்ணலாம் என எண்ணியமையிற் பிழையில்லை. ஆறாம் நாள் மச்சாள் ஒருவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, பக்கத்தில் அமர்ந்து, ஊட்டிவிடவும் முனைந்தார். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொல்வதிலும் உண்பது இலகு என்று அக்கணத்தில் தோன்றியது. இரண்டு வாய் உண்டார். பத்து நிமிடத்தில் நெஞ்சு அடைத்தது, வாந்தி தொடங்கியது, வலியினால் உடல் வியர்த்தது. அன்றிரவு முச்சக்கரவண்டியில் மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லநேர்ந்தது. நாடி 118. சாய நீர் குடிக்கக் கொடுத்து ஸ்கான் எடுத்துப் பார்த்தனர். கசிவு இல்லை என்பது உறுதியாவதற்கு மூன்று மணித்தியாலம் சென்றது. “வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?” என்று மட்டும் வைத்தியர் கேட்டார். விடையைக் கேட்டபின் அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பெரியம்மா வந்தார், எழுபத்தாறு வயது, கையில் பால்பாயசம்.

“ஒரு கரண்டிதானே பிள்ளை, குடி. உடம்பு தேறவேண்டாமோ?”

“பெரியம்மா, எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன் இல்லை. மெலியிறதுக்கு இரைப்பையை வெட்டினது. ஆருக்கும் சொல்ல வெட்கமாயிருந்தது.”

பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர் பாயசப் பாத்திரத்தை மூடி அப்பால் வைத்துவிட்டு, “சரி, இப்ப என்ன குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம் எண்டு சொல்லு. அதை நான் செய்து தாறன்” என்றார். அன்றிலிருந்து வடித்த பருப்புத் தண்ணீரை முப்பது மில்லிலீற்றர் குவளையில் அளந்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவர் அவரே. வருபவர்களை வாசலிலேயே மறித்துச் செய்தி சொன்னவரும் அவரே. சிலர் முகஞ்சுளித்தனர். காசைக் கொட்டி மெலிய வேண்டுமா என்று சிலர் புறங்கூறினர். ஆயினும் அதன் பின்னர் எவரும் ஊட்டிவிட முனையவில்லை.

இவ்வநுபவத்தில் நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவ்வாசிரியையை ஆபத்தின் விளிம்புவரை கொண்டுசென்றது சத்திரசிகிச்சையின் குறைபாடன்று, வெட்கமேயாகும். அவ்வெட்கம் அவருக்குத் தானாக உண்டானதுமன்று. உடற்பருமனை நோயென்று கொள்ளாது ஒழுக்கக்கேடென்று கொள்ளும் சமூகம் அதனை அவருள் ஊட்டியது. விருந்தோம்பலை அன்பின் அளவுகோலாகக் கொண்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்துவதும் அதே சமூகம். அவ்வாறு உண்டு பருத்தவரைக் கண்டு நகைப்பதும் அதே சமூகம். மலிந்த மாவும் சீனியும், நடப்பதற்கு இடமற்ற நகரமும், இருந்தே செய்யும் தொழிலும், பரம்பரையாக வரும் உடற்கூறும் சேர்ந்து உருவாக்கும் ஒரு நிலைக்குத் தனியொருவரின் நாவை மட்டும் குற்றவாளியாக்குதல் அறிவுக்குப் பொருந்தாது. சத்திரசிகிச்சையை இலகுவான வழி என்போர், முப்பது மில்லிலீற்றர் நீரைப் பதினைந்து நிமிடம் குடித்துப் பார்த்தல் வேண்டும்.

மறுபுறத்தில், இதனை மாயவித்தை என்று கொள்வதும் தகாது. சுவீடனில் 1987 இல் தொடக்கப்பெற்ற நீண்டகால ஆய்வு, இத்தகைய சிகிச்சை பெற்றோரிடையே இறப்புவீதம் குறைந்திருப்பதை 2007 இல் எடுத்துக்காட்டியது. அதே ஆய்வு, தொடக்கத்தில் இழந்த எடையின் ஒரு பகுதி சில ஆண்டுகளில் மீள்வதையும் காட்டியது. ஆசிரியையின் எடை ஓராண்டில் 78 கிலோகிராமாகக் குறைந்தது; அடுத்த ஆண்டு 81 ஆயிற்று. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. குளிசை ஒன்று மட்டும் தொடர்ந்தது. நான்காம் மாதத்திற் கொத்துக் கொத்தாக உதிர்ந்த தலைமயிர் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்தது. முழங்கால் வலி குறைந்தது; முற்றாக நீங்கவில்லை. வகுப்பறை இருக்கும் மூன்றாம் மாடிக்கு இடையில் நில்லாது ஏறுகின்றார். கலியாண வீடுகளிற் பந்தியில் அமரும்போது மட்டும், இலையில் மீந்திருக்கும் சோற்றைப் பார்த்துப் பரிமாறுபவர் கேட்கும் கேள்விக்கு இன்றும் அவர் மறுமொழி சொல்லவேண்டியிருக்கின்றது. முன்னர் பொய் சொன்னார். இப்போது உண்மையைச் சொல்கின்றார்.

வைத்தியவியல் மனிதரைத் துயிலச் செய்யவும், துயிலிலிருந்து பத்திரமாக எழுப்பவும் இரு நூற்றாண்டுகளிற் கற்றுக்கொண்டுள்ளது. எழுந்தவரை ஏற்றுக்கொள்ளும் கல்வி வைத்தியவியலுக்கு உரியதன்று. அது வீட்டுக்கும் அயலுக்கும் உரியது. பருத்தவரைக் கேலிப்பெயர் சூட்டி அழைக்கும் பள்ளிக்கூட முற்றங்களுக்கும் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் உரியது. அக்கல்வி தொடங்கப்பெறாதவரை, மயக்கம் தெளிய வேண்டியோர் கட்டிலிற் கிடப்பவர் மட்டுமல்லர்.